தோளுக்கு அளவான துவக்கு

1

இத்தாலிக்கு வந்து இருபது வருடம் ஆனால் கொண்டாடுவதா, ஒப்பாரி வைப்பதா என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கசாத்தா கேக் வாங்கிக்கொண்டு போனேன். "இருபது வருசம் மற்றவையின்ரை வீடு கூட்டினதுக்குக் கேக்கோ?" என்று என்னவர் நக்கலடித்தார். நக்கலடித்துக்கொண்டே இரண்டு துண்டு சாப்பிட்டார்.

பலெர்மோ நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் மூன்றாம் மாடி எங்களுக்கு. கீழே பல்லரோச் சந்தை கத்திக்கொண்டிருக்க, மேலே நாங்கள் மூன்று பேர் மேசையைச் சுற்றி இருந்தோம். மகள் வைஷ்ணவி கேக்கைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"லைசென்ஸ் கிடைச்சிட்டுது."

"கார் ஓடவோ?" என்று என்னவர் சந்தோசப்பட்டார். வீட்டில் கார் ஓடுகிறவர் அவர் ஒருவர்தான். பாவம், தனக்கு ஒரு துணை வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

"இல்லையப்பா. துவக்குக்கு. வேட்டைத் துவக்கு."

வைசு இந்த ஊரில் பிறந்தவள். பதினெட்டு முடிந்ததும் நகரசபையில் போய்ச் சத்தியப்பிரமாணம் எடுத்து இத்தாலியப் பிரசையானாள். நானும் அவரும் இன்னமும் பெர்மெஸ்ஸோக்காரர்கள், இருக்க அனுமதி பெற்றவர்கள். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் எங்கள் வரிசை ஒரு பக்கம். அதே கட்டடத்தின் இன்னொரு பக்கத்தில், நான் பெற்ற பிள்ளைக்குத் துவக்கு வைத்திருக்கச் சட்டப்படி அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்து அவளுடைய படத்தைப் பார்த்தேன்.

அவள் விவசாயம் படித்துவிட்டு, மதோனியே மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறாள். காட்டுப் பன்றி அங்கே ஒரு பயிரையும் விடுவதில்லை. பன்றியையும் மானையும் கணக்காகக் குறைக்க ஆட்களைப் பயிற்றுகிறார்கள். அந்தப் பயிற்சியில் அவளும் சேர்ந்துவிட்டாள். ஆனால் துவக்கு அவரவரே கொண்டுவர வேண்டுமாம்.

என்னவர் கரண்டியை வைத்தார்.

"துவக்கு இந்த வீட்டுக்குள்ளை வந்தால், நான் வெளியிலை."

"அப்ப நான் மலையிலை ஒரு அறை எடுத்துக்கொண்டு போறன். எனக்கு வேலைதான் முக்கியம்," என்றாள் அவள், தகப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிடிவாதத்தோடு.

இதுதான் எங்கள் இருபதாம் ஆண்டு விழா. ஒன்றில் இவர் போவார், இல்லாவிட்டால் அவள் போவாள். நடுவில் நானும் மீதிக் கேக்கும்.

2

என் வேலை என்ன என்று சொன்னால்தான் மிச்சக் கதையை நீங்கள் நம்புவீர்கள். காலையில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலியப் பணக்கார அம்மாவின், வீடு கூட்டுவேன். பின்னேரம் பொலிதேயாமாப் பக்கம் ஒரு துவக்குக் கடை. பதினொரு வருடமாக அந்தக் கடையின் நிலமும் கண்ணாடியும் என் பொறுப்பு. ஊரில் சொல்லவில்லை. "கடையிலை வேலை" என்று மட்டும் எழுதுவேன். அம்மா துணிக்கடை என்று நினைத்துக்கொண்டிருக்கிறா.

முதல் நாள் நடந்ததை இன்றைக்கும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் பாரம் தூக்க ஏலுமா என்று பார்ப்பதற்காக ஒரு துவக்கைத் தூக்கித் தோளில் வைத்து மெல்லத் திரும்பினார். வெறுந் துவக்குத்தான். ஆனால் என் உடம்புக்கு அது தெரியவில்லை. வாளி ஒரு பக்கம் உருள, நான் மேசைக்குப் பின்னால் குப்புறக் கிடந்தேன். வன்னியில் பழகிய பழக்கம் பலெர்மோவில் என்னைக் கேளாமல் வேலை செய்தது.

முதலாளி நினோ ஓடிவந்தார். வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், சீனி போட்ட தண்ணீர் தந்தார். அன்று தொடக்கம், யாராவது துவக்கைத் தூக்கப்போனால் அவர் முதலில் உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பார்: "ஜாயா, ஒருவர் தூக்கிப் பார்க்கப் போகிறார்!" ஜெயா என்ற பேரை அவருக்கு அப்படித்தான் சொல்ல வரும். பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் மறந்ததில்லை. கூலிக்கு நிலம் துடைக்கிறவளுக்கு இப்படி ஒரு மரியாதையா என்று நான் அதிசயித்துக்கொண்டேயிருப்பேன்.

துடைக்கிற ஆளுக்குக் காது சும்மாதானே இருக்கும். வக்கீல் வருவார், பல் வைத்தியர் வருவார், கபோச் சந்தையில் இறைச்சி வெட்டுகிறவர் வருவார். எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான்: விலை கட்டுப்படியாக வேண்டும், குறி தப்பக்கூடாது, எல்லா வேட்டைக்கும் ஒரே துவக்காக இருக்க வேண்டும். நினோ ஒரே பாட்டைத்தான் பாடுவார். எதைச் சுடப்போகிறீர், எவ்வளவு தூரத்திலிருந்து, வருடத்துக்கு எத்தனை தோட்டா வாங்கிப் பழக உம்மால் முடியும்? மூன்றாவது கேள்விக்கு எல்லாரும் பொய் சொல்வார்கள். பிறகு யானையைச் சுடுகிற மாதிரி ஒன்றைக் காட்டி அதுதான் வேண்டும் என்பார்கள். நினோ மேலே பார்த்துக் கையை விரிப்பார்.

எங்கள் ஊரில் துவக்கை ஒருவரும் தெரிவு செய்ததில்லை. அதுதான் ஆளைத் தெரிவு செய்தது. இங்கே மனிசர் சப்பாத்து வாங்குகிற மாதிரி இருந்து எழும்பி, போட்டுப் பார்த்து, இது கடிக்குது, அது பெரிசு என்று கதைக்கிறார்கள். எனக்கு அது தீராத அதிசயம்.

3

ஒரு சனிக்கிழமை வைசு கடைக்கு வந்தாள். நான் கையில் துடைப்பத்தோடு நின்றேன். "மகளோ? நீ சொல்லவேயில்லையே!" என்று நினோ என்னைக் கோபித்தார்.

வைசு நேரே சுவரில் இருந்த ஒரு துவக்கைக் காட்டி, அதன் தோட்டா அளவைச் சொன்னாள். "முப்பது-சைபர்-ஆறு. பயிற்சியிலை பெடியள் எல்லாம் அதுதான் வைச்சிருக்கிறாங்கள்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். எங்கே முடிகிறது! "அது உனக்கு வேண்டாம். முந்நூற்றெட்டை எடு," என்றேன்.

"அம்மா, மா க்கே தீச்சி!" என்ன கதைக்கிறாய் என்று இத்தாலியனில் சீறினாள். "உங்களுக்கு என்ன தெரியும் துவக்கைப் பற்றி?"

"பதினொரு வருசமாத் தூசி தட்டுறன். ரெண்டும் ஒரே பருமன் சன்னந்தான். முப்பது-சைபர்-ஆறின்ரை தோட்டா நீளம், மருந்து கூட, அதாலை உதையும் கூட. பண்டி நிக்கிற நூறு நூற்றைம்பது மீற்றரிலை ரெண்டும் ஒரே வேலைதான் செய்யும். நீ அம்பது கிலோ. நாலு வெடியிலை தோள் நொந்துபோகும், அஞ்சாவதுக்குக் கண்ணை மூடுவாய். கண்ணை மூடினால் எந்தத் துவக்கும் குறி பிசகும்."

அவள் என்னைப் பார்த்த பார்வை! பத்தொன்பது வருடம் வளர்த்த பிள்ளை, அன்றைக்குத்தான் என்னை முதன்முதல் கண்ட மாதிரிப் பார்த்தாள். நான் தமிழில் சொன்னதை அவளே நினோவுக்கு மொழிபெயர்த்தாள். அவர் என்னைக் கும்பிடாத குறை.

"இருநூற்றெழுபது?" என்று அவள் இறங்கி வந்தாள்.

நல்லதுதான், நேராய்ப் போகும், என்றார் நினோ. ஆறரை மில்லிமீற்றர் அதைவிட மெதுவாக உதைக்கும். ஆனால் மலையூரில் தோட்டா முடிந்தால் யாரிடம் போவாய்? முந்நூற்றெட்டு எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு, அதனால் கூடச் சுட்டுப் பழகலாம். பழகின கைதான் குறி தப்பாது. மிச்சக் காசைத் தொலைநோக்கியில் போடு.

பிறகு உள்ளறையிலிருந்து, தொலைநோக்கி பூட்டின பழைய முந்நூற்றெட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். முன்பு ஒரு பள்ளிக்கூட வாத்தியாருடையது, அதிகம் சுடாதது. பிளாஸ்டிக் பிடி, மழைக்கு ஊறாது. மூன்று கிலோ சொச்சம். அழகில்லை. கடையில் அதைவிட வடிவானவை நாற்பது இருந்தன.

"கண்ணை மூடு," என்றார் வைசுவிடம். "மூடினபடியே தோளில் வை. கழுத்தை நீட்டாதே. இனித் திற. என்ன தெரிகிறது?"

"வட்டம். ஓரத்திலை கறுப்பாப் பிறை மாதிரி நிழல்."

பிடி உனக்கு நீளம், என்று சொல்லி அவர் பின்பக்கத்து இறப்பர் தகட்டைக் கழற்றினார். உள்ளே அடுக்கியிருந்த துண்டுகளில் ஒன்றை எடுத்தார். திரும்பவும் கண்ணை மூடு. இன்னும் ஒரு துண்டு. தையற்காரர் சட்டைக்கு அளவு பார்ப்பதுபோல் முக்கால் மணித்தியாலம் அந்த மனிசன் என் பிள்ளையின் தோளை அளந்துகொண்டு நின்றார். கடைசியில் அவள் கண்ணைத் திறந்தாள், சிரித்தாள். "முழு வட்டம். நிழலே இல்லை."

நான் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றேன். ஒரு பெண்பிள்ளையின் தோள் நோகக்கூடாது என்பதற்காக இரும்பையும் பிளாஸ்டிக்கையும் கழற்றிக் கழற்றிப் பூட்டுகிற ஒரு உலகம் இருக்கிறது என்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அதற்குப் பிறகு நான் விலை பேசினேன். மீன் வாங்குகிற மாதிரிப் பேசினேன். வைசு வெட்கத்தில் தெருவுக்குப் போய்விட்டாள். நினோ சிரித்துச் சிரித்துக் குறைத்தார்.

ஆனால் துவக்கை வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை. அது நினோவின் பெட்டகத்திலேயே, வைசுவின் பேர் எழுதின துண்டோடு, காத்திருந்தது.

4

துவக்கு வந்தால் தான் வெளியிலை என்று என்னவர் ஏன் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். வைசுவுக்குத் தெரியாது. நாங்கள் அவளுக்குச் சொல்லவில்லை. இங்கே பிறந்த பிள்ளை, இதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டோம். அது எங்கள் பிழை.

அவருக்குக் கலா என்று ஒரு தங்கச்சி இருந்தா. பதினேழு வயதில் ஒரு நாள் ரியூசனுக்கு என்று சைக்கிளில் போனவ, திரும்பி வரவில்லை. சைக்கிள் மட்டும் வாசிகசாலை மதிலில் சாத்திக் கிடந்ததாம். மூன்றாம் நாள்தான் யாரோ வந்து, பிள்ளை இயக்கத்துக்குப் போய்விட்டா, அழ வேண்டாம் என்றார்களாம். அவ போக முன்னம் வீட்டாருக்கு ஒருத்தரும் சொல்லவில்லை, வீட்டாரை ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை லீவில் வந்து போனா. அதற்குப் பிறகு செய்திதான் வந்தது.

மலையில் அறை பார்க்கப் போகிறேன் என்று வைசு பையை அடுக்கிய அன்று, நான் அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டு இதைச் சொன்னேன். "அப்பா ஒருநாளும் சொல்லேல்லையே," என்றாள். பிறகு அழுதாள். அழுது முடித்துவிட்டு, "ஆனா அம்மா, நான் கலா மாமி இல்லை," என்றாள்.

அதுவும் உண்மைதான். நான் இருவருக்கும் நடுவில் நின்று என்ன சொல்ல? "ஒரு நாள், ஒரேயொரு நாள், அவள் சுடுறதைப் பாத்துப்போட்டு முடிவு சொல்லுங்கோ," என்று இவரிடம் மன்றாடினேன். "நீர் விசர்க்கதை கதைக்காதையும்," என்றார். நான் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "சரி, காரிலை கொண்டுபோய் விடுறன். நான் இறங்க மாட்டன்," என்றார்.

5

சூடு பழகும் இடம் நகரத்துக்கு வெளியே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் விஜயதசமி. நான் ஆண்டுதோறும் என் தொழில் சாமான்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். துடைப்பம், வாளி, தூசி உறிஞ்சும் மெசின் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. நினோவுக்கு அது பழகிப்போயிற்று. அந்த முறை கடையில் மகளின் துவக்கு மேசையில் கிடந்தது. அதை விட்டுவிட்டு வாளிக்கு மட்டும் வைப்பதா? நெற்றி மாதிரி வட்டமாக எது தெரிகிறது என்று பார்த்தேன். தொலைநோக்கிக் கண்ணாடிதான். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, நல்ல தடிப்பாக வைத்தேன். நினோ ரெலிபோனில் கதைத்தபடியே, பொட்டைக் கவனியாமல், துவக்கை எடுத்துப் பெட்டியில் மூடிவிட்டார்.

ஞாயிறு நினோ துவக்கோடு அங்கே வந்திருந்தார்; வைசு படுத்திருந்து குறி பார்த்தாள். "ஒண்டும் தெரியேல்லை. எல்லாம் புகையாக் கிடக்கு." நினோ எட்டிப் பார்த்தார். "பெட்டா மாத்ரி!" என்று மாதாவைக் கூப்பிட்டார். அங்கே நின்ற ஐந்தாறு வேட்டைக்காரரும் வந்து பார்த்தார்கள். காய்ந்துபோன சந்தனம், நடுவில் குங்குமம். நான் நிலத்துக்குள் புதைந்துபோகலாம் போல் நின்றேன். வைசு தன் சட்டை நுனியால் துடைக்கப் போனாள். தேய்க்காதே, கண்ணாடி கீறிப்போகும் என்று நினோ கத்திக்கொண்டு தண்ணீர்ப் போத்தல் எடுக்க ஓடினார். அவள் அவசரத்தில் துவக்கைத் தன் பக்கம் திருப்ப வெளிக்கிட்டாள்.

"அசைக்காதை! அப்பிடியே விடு!"

தமிழ்க் குரல். எங்களுக்குப் பின்னால், கம்பி வேலிக்கு அங்கால், என்னவர் நின்றார். எப்போது காரை விட்டு இறங்கினார் என்று தெரியாது.

"துவக்கின்ரை வாய் அங்காலை இருக்கட்டும். முதல் போல்ட்டைத் திற. உள்ளை பார். பாத்தது காணாது, விரலை விட்டுத் தடவிப் பார். ஓம். இப்ப கையை எடு. இனித் துடை."

கல்யாணம் முடித்து இருபத்திரண்டு வருடம். அந்தக் குரலை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சிஞ்ஞோராமாருக்கு முன்னால் பாதிச் சொல்லை விழுங்குகிற மனிசன். வைசு ஒரு வார்த்தை எதிர்த்துக் கதையாமல் சொன்னபடி செய்தாள். போத்தலோடு வந்த நினோ, பாசை விளங்காவிட்டாலும் எல்லாம் விளங்கினவர்போல் அவரைப் பார்த்துத் தலையை அசைத்தார். இதை எங்கே பழகினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அந்த மண்ணில் இருந்த ஆண்பிள்ளைகளிடம் அதைக் கேட்டு என்ன?

நினோ தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பொட்டை ஊறவைத்துக் கழுவினார். அவள் திரும்பவும் படுத்தாள். நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டேன். என் உடம்பு என்னை நிலத்தில் விழச் சொன்னது; வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு விழாமல் நின்றேன். ஒன்று. நெடுநேரம் கழித்து இரண்டு. மூன்று.

குறிக் கடதாசியைக் கொண்டுவந்தார்கள். மூன்று துளையும் ஒன்றையொன்று தொடாத குறை. நினோ இரண்டு யூரோக் காசுக் குத்தி ஒன்றை மேலே வைத்தார், மூன்றும் மறைந்தன. சுற்றி நின்ற பெரிய மீசைக்காரர் எல்லாம் தொப்பியைக் கழற்றினார்கள். நூறு மீற்றர் தூரம். நான் பெற்ற பிள்ளை. கடவுளே, எனக்கு மெய் சிலிர்த்தது.

என்னவர் கடதாசியைப் பார்க்கவில்லை. வேலியைச் சுற்றி வந்து அவளுக்கு முன்னால் நின்றார்.

"தோள் நோகுதோ?"

"இல்லையப்பா."

"உண்மையாச் சொல்லு."

"உண்மையா நோகேல்லை. அம்மா இதைத்தான் எடுக்கச் சொன்னவ. பிடியும் என்ரை அளவுக்குக் குறைச்சது."

அவர் அவளுடைய வலது தோளில் கையை வைத்தார். "கலா லீவிலை வந்தேக்கை இதிலை முழுக்கக் கண்டிப்போய், கறுப்பாக் கிடந்தது," என்றார். "அம்மா மூண்டு நாள் ஒத்தடம் குடுத்தவ. அவளின்ரை உயரத்துக்கு அது பெரிய துவக்கு. ஒருத்தரும் அளவு பாக்கேல்லை."

மகளுக்கு அவர் கலாவைப் பற்றிச் சொன்ன முதல் சொற்கள் அவை. அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, "இரும்புப் பெட்டி எங்கை வைக்கப்போறியள்? சுவருக்கு ஆணி நான் அடிச்சுத்தாறன்," என்றார்.

6

துவக்கு வீட்டுக்கு வந்து மூன்று நாளுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். கரபினியேரிப் பொலிஸ் நிலையத்துக்கு வைசு தனியே போயிருக்கலாம். என்னவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாக வெளிக்கிட்டு நின்றார். பழக்கதோசத்தில் தன் பெர்மெஸ்ஸோ, அதன் நகல், நகலின் நகல் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டார். இந்த நாட்டில் ஒரு மேசைக்கு முன்னால் நிற்பதென்றால் அவருக்கு இன்றைக்கும் கை வியர்க்கும்.

உத்தியோகத்தர் இளவயதுக்காரர். துவக்கின் இலக்கம், தோட்டாவின் அளவு, வீட்டு விலாசம், எந்த அறை, எந்தப் பெட்டி, திறப்பு யாரிடம் என்று வைசுவிடம் கேட்டுக் கேட்டுக் கணினியில் தட்டினார். அவள் பலெர்மோப் பாசையில் பட்பட்டென்று பதில் சொன்னாள். என்னவருடைய பெர்மெஸ்ஸோவை ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் உத்தியோகத்தர் தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தார். வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு இதைத் தெரியப்படுத்த வேண்டும், என்றார். என்னவரைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்: "உங்கள் மகளிடம் துவக்கு இருக்கிறது. உங்களுக்குத் தெரியும்தானே?"

எந்த மேசையிலும் கேள்வி முடிய முன்னமே "ஸீ, ஸீ", ஓம் ஓம், என்று தலையாட்டுகிற மனிசன், அன்றைக்கு ஆட்டவில்லை. உத்தியோகத்தர், கேள்வி விளங்கவில்லையாக்கும் என்று, இன்னும் மெதுவாகத் திரும்பக் கேட்டார். அப்பாவுக்காகப் பதில் சொல்ல வாயெடுத்த வைசுவின் கையை நான் மேசைக்குக் கீழே பிடித்தேன்.

"ஸீ," என்றார் என்னவர். கண் நிறைந்திருந்தது. "குவெஸ்தா வோல்தா, ஸீ."

இந்த முறை தெரியும், என்று சொன்னார்.

உத்தியோகத்தர் ஒரு கணம் பார்த்தார். பிறகு "ஸீ" என்பதை மட்டும் தட்டிவிட்டு, அச்செடுக்கப் போனார்.